அறுபதுக்குப் பின்: சேலம், நாமக்கல் சமவெளிகளில் முதியோர் மரண விகிதமும் அதை ஒப்பிடும் முறையும்

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் வரையிலும், மேற்கே சங்ககிரியையும் திருச்செங்கோட்டையும் தாண்டிக் காவிரிக் கரை வரையிலும் பரந்து கிடக்கும் சமவெளியில் எந்தக் கிராமத்துத் திண்ணையில் அமர்ந்து வயோதிகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், முந்திய தலைமுறையினர் கேழ்வரகுக் களியையும் கம்பங்கூழையும் உண்டு, வெயிலில் உழைத்து, வைத்தியர் வாசலை மிதிக்காமல் தொண்ணூறும் நூறும் வாழ்ந்தார்கள் என்றும், இக்காலத்தவரோ அறுபது நிறையுமுன்பே இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இரையாகிவிடுகிறார்கள் என்றும் ஒரு தீர்ப்பு உறுதியான குரலில் வெளிப்படும். அதைச் சொல்பவர்கள் தம் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆகையால் அதை அலட்சியமாக ஒதுக்குவது நியாயமாகாது. ஆனால் கண்ணால் கண்டது எவ்வளவு தூரம் பிரமாணமாகும் என்பதும், அறுபதைக் கடந்தவர்களின் மரண விகிதத்தை ஒரு காலத்துக்கும் மற்றொரு காலத்துக்கும் இடையே எவ்வாறு ஒப்பிடுவது என்பதும் தனியே ஆராய வேண்டிய விஷயங்கள். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031-இல் அது நூற்றுக்குப் பதினெட்டாக உயரும் என்று மத்திய அரசின் நிபுணர் குழு மதிப்பிட்டிருக்கிறது. இத்தனை பெரிய ஒரு ஜனசமூகத்தின் சாவைப் பற்றி நாம் தவறாக எண்ணிக்கொண்டிருந்தால், அந்தத் தவறு ஓய்வூதியத்திலும் ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் போய் முடியும்.

திண்ணைத் தீர்ப்பில் உள்ள குறை எளிதில் புலப்படுவதன்று. தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டனாரை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. அவருடன் பிறந்து ஐந்து வயதில் பேதியில் போன தங்கையையும், இருபத்தைந்தில் பிரசவத்தில் போன அக்காளையும், நாற்பதில் காய்ச்சலில் போன அண்ணனையும் நினைவில் வைத்திருப்பார் எவருமில்லை. 1911 முதல் 1920 வரையிலான பத்தாண்டில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் எதிர்பார்க்கத்தக்க ஆயுள் ஏறக்குறைய 20 ஆண்டே என்று ஆயுள் அட்டவணைகள் கூறும்போது, எல்லாரும் இருபது வயதில் இறந்தார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. பிறந்தவர்களில் பெரும்பகுதியினர் பால்யத்திலேயே மடிய, எஞ்சிய சிலர் முதுமையைக் கண்டார்கள் என்பதே பொருள். அம்மை, பேதி, பிளேக், மலைக்காய்ச்சல், பஞ்சம் ஆகிய அனைத்தையும் கடந்து அறுபதை எட்டியவர் இயல்பிலேயே திடகாத்திரமான சரீரம் உடையவராகத்தான் இருந்திருக்க முடியும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: அன்று அறுபதை எட்டியவர்களுள் ஆயிரத்துக்கு எத்தனை பேர் ஓர் ஆண்டில் இறந்தார்கள், இன்று எத்தனை பேர் இறக்கிறார்கள்?

விகிதம் என்பது இரண்டு எண்களால் ஆனது. மேலே இருப்பது இறந்தவர் தொகை. கீழே இருப்பது அந்த வயதில் உயிரோடிருந்தவர் தொகை. முன்னதைத் தருவது ஜனன மரணப் பதிவேடு. பின்னதைத் தருவது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ஜனத்தொகைக் கணக்கு. இரண்டும் இரு வேறு கைகளால் எழுதப்பட்டவை; இரண்டிலும் பிழை உண்டு; இரண்டின் பிழைகளும் ஒரே திசையில் செல்வதில்லை. இந்த விஷயத்தின் கஷ்டம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மரணப் பதிவேட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 1899-ஆம் ஆண்டின் சென்னை ஜனன மரணப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, கிராமத்தில் இந்தக் கணக்கை எழுதும் பொறுப்பு கிராம முன்சீப்பிடம், அதாவது இந்தப் பக்கத்தார் மணியக்காரர் என்று அழைத்தவரிடம், இருந்தது. நிலவரி வசூலும் தகராறு விசாரணையும் அவருடைய பிரதானக் கவலைகள். சாவுக் கணக்கு அவற்றுக்குப் பின்னால் வரும் ஒரு கடமை. காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், சீதபேதி, சுவாச நோய், காயம், பாம்புக்கடி என்று சில பத்திகள் இருக்க, அவற்றுள் அடங்காத மரணங்கள் எல்லாம் 'இதர காரணங்கள்' என்ற பெரும் பத்தியில் போய்ச் சேர்ந்தன. குழந்தையின் சாவும், வீட்டில் ஒரு மூலையில் படுத்திருந்த கிழவியின் சாவும் பதிவேட்டில் ஏறாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். உழைக்கும் வயதினரின் சாவு சொத்துக்கும் வாரிசுக்கும் சம்பந்தப்பட்டதால் ஓரளவு எழுதப்பட்டது. 1980-இல் பரம்பரை கிராம உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்ததும், அதற்கு முன்பே 1969-இல் இந்தியா முழுமைக்கும் பொதுவான ஜனன மரணப் பதிவுச் சட்டம் வந்ததும் பதிவைப் படிப்படியாகத் திருத்தின. ஆனால் பதிவு திருந்தத் திருந்த, முன்பு எழுதப்படாத சாவுகள் எழுதப்படுகின்றன; சாவு கூடாமலே சாவுக் கணக்கு கூடுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய பதிவேட்டை இன்றைய பதிவேட்டோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பவர் முதியோர் மரணம் அதிகரித்துவிட்டது என்று எளிதில் ஏமாந்துபோவார்.

வயதைப் பற்றிய கஷ்டம் இதைவிடப் பெரிது. ஜாதகம் எழுதிவைக்கும் வழக்கமுள்ள குடும்பத்தில் பிறந்தவருக்குத் தம் வருஷத்தின் பெயர் தெரியும். அறுபது ஆண்டுச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி அதே பெயர் திரும்பும்போது சஷ்டியப்த பூர்த்தி செய்துகொள்வதால், அவருடைய வயதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் கூலி வேலையும் தறி வேலையும் செய்து பிழைத்த பெரும்பான்மையோருக்கு ஜாதகம் ஏது? கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது, "அறுவது இருக்குமுங்க" என்று மகன் சொல்ல, அறுபது என்று எழுதப்பட்டது. இதனால் பழைய ஜனத்தொகைக் கணக்குகளில் 50, 60, 70 என்று பூஜ்யத்தில் முடியும் வயதுகளில் ஜனங்கள் குவிந்தும், 59, 61 ஆகிய வயதுகளில் அருகியும் காணப்படுகிறார்கள். அறுபதைக் கடந்த பிறகு வயதைக் கூட்டிச் சொல்வதில் ஒரு கௌரவமும் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதினர் அறுபத்தைந்து என்று எழுதப்படும்போது, குறைவாகச் சாகும் இளையவர்கள் முதியோர் கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். அந்தக் கலப்பினால் பழைய காலத்து முதியோர் மரண விகிதம் உண்மையில் இருந்ததைவிடத் தாழ்வாகத் தோன்றுகிறது. பழங்காலத்தில் நூறு வயதினர் ஏராளம் என்ற எண்ணத்துக்குக் கணக்கேடுகளிலேயே ஆதாரம் இருப்பது போல் தோன்றுவதன் இரகசியம் இதுதான்.

1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வயது எண்களைச் செம்மைப்படுத்தி ஆயுள் அட்டவணை தயாரித்த எல். எஸ். வைத்தியநாதன் போன்ற ஆயுள் கணித அறிஞர்கள், பதிவேடுகளை நம்பாமல், ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்த கணக்கெடுப்புக்கும் இடையே ஒவ்வொரு வயதுக் கூட்டமும் எவ்வளவு சுருங்கியது என்பதைக் கொண்டே மரணத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய உழைப்பு பெரிது. ஆயினும் மாகாணத்துக்கும் தேசத்துக்கும் செய்யத்தக்க அந்தக் கணிதத்தை ஒரு ஜில்லாவுக்குச் செய்ய முற்பட்டால், முதலில் ஜில்லா எது என்பதே பிரச்னையாகிறது. பழைய சேலம் ஜில்லா ஓசூரிலிருந்து நாமக்கல் வரை நீண்டு கிடந்தது. நாமக்கல் தாலூகா 1910-இல் திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டு, 1929-இல் மீண்டும் சேலத்துக்கு வந்தது. 1965-இல் தருமபுரி பிரிந்தது. 1997 ஜனவரி முதல் நாளிலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. 'சேலத்தில் அன்று, சேலத்தில் இன்று' என்று எழுதுபவர் இரண்டு வெவ்வேறு நிலப்பரப்புகளை ஒரே பெயரால் அழைக்கிறார் என்பதை மறக்கலாகாது.

இந்தப் பெயர்க் குழப்பத்தையும் மீறி ஒரு நிகழ்ச்சி மட்டும் கணக்கேடுகளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிழவர்கள் வாயில் வழங்கும் 1876-78 க்ஷாமத்துக்கு முன், 1871-இல் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 19,66,995. பின், 1881-இல் 15,99,595. மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தக் குறைவில் ஊரைவிட்டுப் போனவர்களும் அடங்குவார்கள் என்றாலும், பெரும்பகுதி சாவுதான். அப்போது சென்னை மாகாணச் சுகாதார கமிஷனராக இருந்த கார்னிஷ், 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் தாமே நடத்தியவர். நிவாரணக் கூலியாகக் கொடுக்கப்பட்ட தானியம் உயிரைத் தாங்கப் போதாது என்று அரசாங்கத்தோடு வாதாடியவர். ஜனங்கள் சாலையோரங்களிலும் நிவாரண முகாம்களிலும் ஊர் பேர் தெரியாமல் மடிந்ததால், கிராமப் பதிவேடுகள் அந்த மரணங்களில் எத்தனையோ ஆயிரத்தைக் காணவே இல்லை. பஞ்சத்தில் முதலில் விழுபவர்கள் குழந்தைகளும் வயோதிகர்களும். அதிலிருந்து தப்பிய குழந்தைகள் 1936-37-இல் மீண்டும் ஒரு தாது வந்தபோது அறுபதை எட்டினார்கள். அவர்களுடைய மரண விகிதத்தைப் பஞ்சம் காணாத ஒரு தலைமுறையின் விகிதத்தோடு ஒப்பிடும்போது, பலவீனர்கள் முன்பே கழிக்கப்பட்ட ஒரு கூட்டத்தை, கழிக்கப்படாத ஒரு கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம். 1918-ஆம் ஆண்டின் விஷஜுரமோ இதற்கு நேர்மாறாக, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்களையே அதிகமாகக் கொண்டுபோயிற்று. ஒவ்வொரு கொள்ளைநோயும் தனக்கென்று ஒரு வயதைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த வடு அந்தத் தலைமுறையோடு முதுமை வரை செல்கிறது.

இனி, நல்ல பதிவும் சரியான வயதும் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. படித்தவர்களும் அதில்தான் விழுகிறார்கள். 'அறுபதுக்கு மேல்' என்று எல்லா முதியோரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து விகிதம் கணிப்பதே அந்தக் கண்ணி. பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825-இல் எடுத்துக்காட்டியபடி, நடுவயதுக்குப் பின் மரண விகிதம் பெருக்குத் தொடராக ஏறுகிறது. ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. அறுபது வயதினரும் எண்பத்தைந்து வயதினரும் மரணத்தின் முன்னிலையில் ஒரே ஜாதியினர் அல்லர்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஆயிரம் முதியோருள் 700 பேர் அறுபதுகளிலும், 240 பேர் எழுபதுகளிலும், 60 பேர் எண்பதும் அதற்கு மேலும் இருப்பதாகவும், அவர்களுடைய ஆண்டு மரண விகிதம் ஆயிரத்துக்கு முறையே 35, 75, 150 என்றும் கொள்வோம். மொத்தம் 51.5 மரணங்கள். பிற்காலத்தில் ஒவ்வொரு வயதிலும் மரணம் குறைந்து, விகிதங்கள் 25, 60, 140 ஆகின்றன. ஆனால் அதிகம் பேர் முதிர்ந்த வயதை எட்டுவதால் ஆயிரம் முதியோரின் பங்கீடு 560, 290, 150 என்று மாறிவிடுகிறது. இப்போது மரணங்கள் 52.4. எல்லா வயதிலும் சாவு குறைந்திருக்க, மொத்த விகிதம் சற்றே கூடியிருக்கிறது! பழைய பங்கீட்டையே பிரமாண ஜனத்தொகையாக, அதாவது இரு காலத்துக்கும் பொதுவான அளவுகோலாக, வைத்துப் புதிய விகிதங்களைப் பெருக்கினால் 40.3 கிடைக்கும், அதாவது நூற்றுக்கு 22 பங்கு வீழ்ச்சி. புதிய பங்கீட்டைப் பிரமாணமாகக் கொண்டால் பழைய விகிதம் 63.85, புதியது 52.4, வீழ்ச்சி நூற்றுக்கு 18. எந்தப் பிரமாணத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வீழ்ச்சியின் அளவு மாறுகிறது, திசை மாறவில்லை. ஆகையால் எந்தப் பிரமாணம் என்று சொல்லாமல் வெளியிடப்படும் 'திருத்திய விகிதம்' எதையும் வாசகர் ஏற்க வேண்டியதில்லை.

இந்த முறை புதிதன்று. 1844-இல் லண்டனில், எட்வின் சாட்விக் இறந்தவர்களின் சராசரி வயதைக் கொண்டு ஊர்களின் சுகாதாரத்தை அளக்கலாம் என்று கூறியபோது, நெய்சன் என்ற ஆயுள் கணித அறிஞர், ஊருக்கு ஊர் வயதுப் பங்கீடு வேறுபடுவதால் அந்த அளவுகோல் பொய் சொல்லும் என்று எடுத்துக்காட்டி, ஒரே பிரமாண ஜனத்தொகையின் மேல் வைத்து ஒப்பிடும் வழியைக் காட்டினார். நூற்றெண்பது ஆண்டுகள் கடந்தும் அந்த எச்சரிக்கை தேவையாகவே இருக்கிறது. தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் பிறப்பு இறப்பை எண்ணும் மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆயிரத்துக்கு இறந்தவர் கேரளத்தில் 7.0, தமிழ்நாட்டில் 6.1, பீகாரில் 5.4. பீகாரில் பிறப்பது கேரளத்தில் பிறப்பதைவிட ஆயுளுக்கு நல்லது என்று எவரும் துணிந்து சொல்லமாட்டார். கேரளத்தில் முதியோர் அதிகம், அதனால் சாவும் அதிகம். இதே காரணத்தால், இளைஞர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போய்விட, தோட்டத்து வீடுகளில் தாய் தந்தையர் மட்டுமே தங்கிவிட்ட பரமத்தி, மோகனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சாவு விகிதம் ஏறித் தோன்றுமானால், அதை நோயின் பெருக்கம் என்று முடிவுகட்டுவதற்கு முன் வயதுப் பங்கீட்டைப் பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் உண்மையில் நடந்தது என்ன? தமிழ்நாட்டில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன, 2020-இல் 13. முதியோர் விஷயத்தில் மாறுதல் இவ்வளவு வேகமானதன்று. 1970-75-இல் அறுபது வயதை எட்டிய ஓர் இந்தியர் மேலும் ஏறக்குறைய 14 ஆண்டு வாழ்வார் என்று எதிர்பார்க்கப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அது சுமார் 18 ஆண்டு. குழந்தைகளின் மரணம் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிய காலத்தில், முதியோருக்குக் கிடைத்தது நான்கு ஆண்டு. தடுப்பூசியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் நல்ல குடிநீரும் குழந்தையைக் காத்துவிடும். முதியவரைக் காக்க நாள்தோறும் மாத்திரையும், மாதந்தோறும் பரிசோதனையும், நெஞ்சு வலித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியும் வேண்டும். எனினும் அந்த நான்கு ஆண்டு திண்ணைத் தீர்ப்பை மறுப்பதற்குப் போதுமானது. அறுபதுக்குப் பின் சாவு கூடவில்லை, குறைந்திருக்கிறது. சாவின் காரணம்தான் மாறியிருக்கிறது.

காரணங்களை அறிவதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெருமுயற்சியை நன்றியோடு குறிப்பிட வேண்டும். டாக்டர் வேந்தன் கஜலக்ஷ்மியும் ரிச்சர்ட் பீட்டோவும் 1990-களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் நிகழ்ந்த 80,000 வயதுவந்தோர் மரணங்களை எடுத்துக்கொண்டு, இறந்தவர் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, கடைசி நாட்களின் அறிகுறிகளை உறவினரிடம் கேட்டறிந்து காரணத்தை நிர்ணயித்தார்கள். 'வயோதிகம்' என்று ஒரு சொல்லில் பதிவேட்டில் மூடிவைக்கப்பட்ட பல மரணங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், காசம் என்று பெயர் சொல்ல முடியும் என்பதை அந்த வேலை நிரூபித்தது. சேலம், நாமக்கல் சமவெளிக்கும் இப்படியொரு விசாரணை வேண்டும். லாரித் தொழிலும் கோழிப்பண்ணையும் விசைத்தறியும் ஜவ்வரிசி ஆலையும் வாழ்க்கையை மாற்றியமைத்த இந்தப் பிரதேசத்தில், அந்தத் தொழில்களில் முப்பது நாற்பது ஆண்டு உழைத்த முதல் தலைமுறை இப்போதுதான் முதுமையில் நுழைந்திருக்கிறது.

மாவட்ட அளவில் ஒப்பிடுவதற்கு இன்னும் இரண்டு தடைகள் உண்டு. மாதிரிப் பதிவு முறை மாநில அளவில்தான் நம்பத்தக்க எண்ணைத் தரும். அதன் மாதிரி ஒரு மாவட்டத்துக்குப் போதாது. பதிவேட்டையே நாடினால், சட்டப்படி மரணம் நிகழ்ந்த இடத்தில் அது பதிவாகிறது. நாமக்கல், தருமபுரிப் பக்கங்களிலிருந்து கடைசி நேரத்தில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே உயிர் நீத்தவர், சேலத்தின் மரணமாக எழுதப்படுகிறார். சேலத்தின் விகிதம் ஊதுகிறது. நாமக்கல்லின் விகிதம் சுருங்குகிறது. 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்திருப்பதால், இனிமேல் அந்த மரணங்களில் ஒரு பகுதி நாமக்கல்லிலேயே பதிவாகும். இதை அறியாதவர் 2019-ஐயும் 2024-ஐயும் ஒப்பிட்டு, புதிய ஆஸ்பத்திரி வந்த பிறகு நாமக்கல்லில் சாவு கூடிவிட்டது என்று எழுதக்கூடும்.

கொரோனாக் காலத்து மரணங்களை அளப்பதிலும் இத்தனை குறைகளும் ஒன்றுசேர்கின்றன. இந்தியா முழுவதிலும் பதிவான மரணங்கள் 2019-இல் 76 லட்சம், 2020-இல் 81 லட்சம், 2021-இல் 102 லட்சம். இந்த ஏற்றம் முழுவதும் நோயினால் என்று சொல்ல முடியாது, பதிவு திருந்தியதும் அதில் உண்டு. ஆனால் ஓர் ஆண்டில் இருபது லட்சம் கூடுவதற்குப் பதிவுத் திருத்தம் மட்டும் காரணமாகவும் முடியாது. கொள்ளைநோய் பலவீனமான முதியோரை முன்கூட்டியே கொண்டுபோய்விடுவதால் அடுத்த ஆண்டின் விகிதம் இயல்புக்குக் கீழே இறங்கவும் கூடும்; ஆகவே ஓராண்டை ஓராண்டோடு ஒப்பிடாமல், நோய்க்கு முந்திய சில ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுவதே நேர்மை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போய்விட்டதால், எண்பது வயதைக் கடந்தவர் இந்த மாவட்டங்களில் இன்று எத்தனை பேர் என்பது 2011-இலிருந்து நீட்டிக் கணித்த ஓர் ஊகமாகவே நிற்கிறது. 2021 ஆகஸ்டில், பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளிக் கிராமத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' முதியோரின் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுசெல்கிறது. அது எத்தனை உயிரைக் காத்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வயதுவாரி மரண விகிதம் இல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

அரசாங்கத்துக்கு விடுக்கும் வேண்டுகோள் சிறியது. மரண அறிக்கைப் படிவத்தில் இறந்தவரின் வழக்கமான வசிப்பிடத்துக்கு இடம் இருக்கிறது. அதைக் கொண்டு மரணங்களை அவரவர் சொந்த மாவட்டத்துக்குத் திருப்பி எழுதி, ஆண் பெண் என்று பிரித்து, அறுபதிலிருந்து எண்பத்தைந்து வரை ஐந்தாண்டு வயதுக் கூறுகளாகவும் அதற்கு மேல் ஒரு கூறாகவும் பட்டியலிட்டு, 2027-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வயது எண்களோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வாசகருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் இறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், ஜாதகத்தையோ பள்ளிச் சான்றையோ அவருடைய முதல் பிள்ளையின் வயதையோ வைத்துக் கணித்துச் சொல்லுங்கள். வசிப்பிடம் என்ற இடத்தில் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரை எழுதாமல், அவர் வாழ்ந்த ஊரை எழுதச் சொல்லுங்கள்.